ஏழாவது வளைவு

ஹட்டனில் சிப்னாஸ் நானாவின் ஃபோன் கடை மூலையில் ஒரு பழைய கேம் மெஷின் இருந்தது. அதில் ஒரு கீரி சிவப்புக் கார் ஓட்டும். மெஷினை விற்றாயிற்று, இன்று பின்னேரம் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஏழாவது வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும். மூன்று மாதமாக அந்த வளைவில்தான் எதிரே ஒரு எருமை லொறியில் வந்து என் கீரியை இடித்துத் தள்ளுகிறது.

“அக்கரப்பத்தனைக்கு ஆட்டோ ஓட்டுற ஆளு, ஒரு கீரிய ஓட்டத் தெரியல,” என்றார் நானா.

“நான் ஓட்டுறேன் நானா, அந்த எருமதான் ஒதுங்க மாட்டேங்குது.”

“ரோட்டுலயே உங்க ஆட்டோவுக்கு யாரும் ஒதுங்குறதில்ல, அது அதுக்கும் தெரியும் போல.”

மறுபடி ஆடினேன். ஏழாவது வளைவு வந்தது. எங்கள் மலை ரோட்டில் வளைவைக் கண்டால் கை தானாகவே ஹோர்னுக்குப் போகும். அந்தப் பழக்கத்தில் ஸ்டியரிங் நடுவில் இருந்த பட்டனை அமுக்கிவிட்டேன். அது சும்மா அழகுக்கு வைத்தது என்றே இதுவரை நினைத்திருந்தோம். மெஷின் ‘பீப்’ என்றது. எருமை லொறியை ஓரங்கட்டி, தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்தது.

“நானா, வழி விடுது, பாருங்க.”

அந்தப் பக்கம் கடல். ரோடு நேராகத் தண்ணீருக்குள் இறங்கியது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, கார் பாறையில் மோதி நின்றது.

நானா ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தார். “எழும்புங்க தம்பி. தண்ணிக்குள்ள எங்க போகுதுன்னு நான் பாக்கணும்.”