ஆண்கள் இல்லாத எட்டு நாள்

கூடாரப் பண்டிகைக்காக ஊரின் ஆண்கள் அத்தனை பேரும் ஆண்டவர் சந்நிதிக்குப் புறப்பட்டுப் போய் ஐந்து நாளாயிற்று. அந்த ஐந்து நாளும் அத்தாராள் சரியாகத் தூங்கவில்லை. கண்ணில் மண் விழுந்தது போல எரிந்தது.

ஊர் என்றால் பதினோரு வீடு. யூதாவின் தெற்கு எல்லை. எதிர் மலைக்கு அப்பால் ஏதோமியர், யாக்கோபின் அண்ணன் வழி வந்த பழைய பகையாளிகள். களஞ்சியம் நிறைந்திருக்கிற மாதமாகப் பார்த்து, வாளெடுக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்பது ஆண்டவர் கட்டளை.

"நாம அவரு சந்நிதிக்குப் போயிருக்கையில ஒருத்தனும் நம்ம நிலத்து மேல கண்ணு வைக்க மாட்டான்னு வாக்குக் குடுத்திருக்காரு. அப்புறம் என்னடி பயம்?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான் அவள் கணவன் எப்லால்.

பகலெல்லாம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தண்ணீர் இறைத்தாள். இருட்டினால் கூரைமேல் உட்கார்ந்து மலையைப் பார்த்தாள். யாராவது வந்தால் சொல்வதற்கு ஒரு பொய்யையும் முதல் நாளே தயார் செய்து வைத்திருந்தாள்.

ஆறாம் நாள் உச்சி வேளையில் நாத்தனார் ஓக்லாள் ஓடிவந்தாள்.

"அண்ணி! ஒட்டகம்! இருபது பேராவது இருக்கும்!"

பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குள் புகுந்து கதவை அடைத்தார்கள். கிணற்றடியில் அத்தாராளும் அவள் முதுகுக்குப் பின்னால் ஓக்லாளும் மட்டும் நின்றார்கள். வந்தவர்களின் தலைவன், நரைத்த தாடிக்காரன், ஒட்டகத்தை விட்டு இறங்காமலே சுற்றிலும் பார்த்தான்.

"ஏம்மா, ஊர்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?"

ஆண்கள் மேட்டுத் தோட்டத்தில் இருக்கிறார்கள், குரல் கொடுத்தால் வந்துவிடுவார்கள். இதுதான் அந்தப் பொய். வாயைத் திறந்தாள். அது வரவில்லை. அதைச் சொல்ல அவள் உடம்பில் தெம்பு இல்லை.

"இல்ல. எல்லாரும் சாமி கும்பிடப் போயிட்டாங்க. வர இன்னும் மூணு நாளாகும். பொம்பளைங்கதான் இருக்கோம்."

ஓக்லாள் அவள் இடுப்பில் கிள்ளினாள்.

தலைவன் கண்ணை இடுக்கிக்கொண்டான். "களஞ்சியம்?"

"நெறஞ்சிருக்கு. தண்ணி வேணும்னா நீங்களே எறைச்சுக்கங்க. எனக்குக் கை வலிக்குது."

பின்னால் இருந்த ஒருவன் வாளில் கை வைத்தான். தலைவன் அவனைத் தடுத்துவிட்டு, சிரிக்கத் தொடங்கினான்.

"டேய், ஒரு கிண்ணம் கூழைக் காட்டி நம்ம பாட்டனோட மூத்த பிள்ளை உரிமையையே ஏமாத்தி வாங்கின வம்சம்டா இது. யாக்கோபு வீட்டுப் பொண்ணு, களஞ்சியம் நெறஞ்சிருக்கு, காவலுக்கு ஆளில்லன்னு தானா வந்து சொல்றா. நீ நம்புறியா? கதவை அடைச்சு வச்சிருக்கிறதைப் பாரு. உள்ள எத்தனை வில்லு காத்திருக்கோ!"

"நெசமாத்தான் சொல்றேன்," என்றாள் அத்தாராள் சலிப்போடு.

"சொல்லு தாயி, சொல்லு. ஒரு தடவை ஏமாந்தது போதும் எங்களுக்கு."

தண்ணீர்கூடத் தொடவில்லை. ஒட்டகங்களைத் திருப்பிக்கொண்டு போனார்கள். புழுதி அடங்கியதும் அத்தாராள் கிணற்றுக் கல்லில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா அண்ணி? குடியையே கெடுக்கப் பாத்தியே!" ஓக்லாள் திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

மூன்று நாள் கழித்து ஆண்கள் திரும்பினார்கள். தங்கை சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு எப்லால் நெஞ்சை நிமிர்த்தினான். "பாத்தியா? நான் அப்பவே சொல்லல?"

அத்தாராள் பாயை எடுத்தாள். ஐந்து நாள் நாக்கு நுனியில் இருந்த பொய்யை, அந்த நேரத்தில் யார் எடுத்துக்கொண்டது? களைப்பா, ஆண்டவரா? யோசிக்க முடியவில்லை. பாயை உதறிப் போட்டாள்.

"கடைசி நாள் ஆசாரியர் ரெண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் சொன்னாரு பாரு..."

"எனக்கும் சேத்தா?"

"ஜனங்க எல்லாருக்கும்தான்."

"அப்ப சரி. இன்னைக்கு ஆட்டுக்குத் தண்ணி நீங்க காட்டுங்க."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவன் அடுத்த வார்த்தை பேசுமுன் தூங்கிப்போனாள்.