ஏழு ஆமாம்

"சாப்புட்ட ஒடனே தூக்கம் வருதா?"

"இல்லீங்க."

"எங்க இல்ல? நான் தட்டு கழுவறதுக்குள்ள கொறட்ட வருது. ஆமாம்னு போடுங்க தம்பி."

டை கட்டியிருந்த பூபாலன் ஆமாம் என்ற கட்டத்தில் டிக் அடித்தான். மருந்து கம்பெனியிலிருந்து வந்தவன். வயதாகும் ஆண்களுக்கு ஹார்மோன் குறைந்திருக்கிறதா என்று பார்க்க, பத்துக் கேள்விகள் அச்சடித்த தாள்களோடு அந்தப் பீங்கான் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்துக்கு உட்கார்ந்திருந்தான். எதிர் ஸ்டூலில் தங்கராசு. ஐம்பத்து மூன்று வயது. சூளைக்குள் தள்ளும் தட்டு வண்டியில் சுடவேண்டிய சாமான்களை அடுக்குகிறவர். குறுக்கே பதில் சொன்னது அவர் மனைவி அம்சவல்லி. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டுவது அவள் வேலை. விரல்களில் களிமண் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

"ஒடம்புல பலம் கொறஞ்சிருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

"இவுரு தோளுக்குத் தைலம் தேச்சே எங் கை தேஞ்சி போச்சு தம்பி."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த, அம்சவல்லியோடு வேலை செய்யும் திரௌபதி, "இதுல பாதி எனக்கும் இருக்குது. எனக்கும் ஒரு தாளு எடு" என்றாள்.

"இது ஆம்பளைங்களுக்கு மட்டும்தாங்க."

"அசந்து போறதுக்குக்கூட நமக்குத் தாளு இல்லியாம்டி" என்று அவள் சொன்னதும் பெண்கள் சிரித்தார்கள்.

"உயரம் கொறஞ்ச மாதிரி இருக்கா?"

தங்கராசு வாயைத் திறப்பதற்குள் அம்சவல்லி சொல்லிவிட்டாள். "வண்டியில மேல் தட்டு எட்டல. ரெண்டு செங்கல்லு போட்டு ஏறி நின்னுதான் அடுக்குறாரு."

டீ குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி சுப்புராயன் டம்ளரை இறக்கினார். தங்கராசு தன் மனைவியைப் பார்த்தார். அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன ஆமாம் இருந்தா மாத்தர தருவீங்க?" என்று கேட்டாள்.

"மூணு இருந்தாலே சந்தேகந்தான். இவருக்கு ஏழு. ஆனா ரத்தம் பாக்காம எதுவும் தர முடியாது. கடலூர் வரணும்."

பூபாலன் தங்கராசுவின் தாளைப் பையில் வைத்துக்கொண்டு, அதன் நகலை ஆபீஸுக்கென்று மேஸ்திரியிடம் கொடுத்தான்.

திங்கட்கிழமை காலை தங்கராசுவைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள்.

"கல்லு மேல ஏறி நின்னு வுழுந்து கிழுந்து வச்சா யாரு பதில் சொல்றது? பலம் இல்லேன்னு தாள்லயே எழுதியிருக்குது. வூட்ல இருந்து ஒடம்பப் பாருய்யா" என்றார் சுப்புராயன்.

தங்கராசு டிபன் பாக்ஸைச் சைக்கிளில் மாட்டியபடியே நின்றார். உள்ளே போயிருந்த அம்சவல்லிக்குத் திரௌபதிதான் வந்து சொன்னாள்.

கையைக்கூடக் கழுவாமல் அம்சவல்லி மேஸ்திரியின் மேசைக்கு நடந்தாள். வழியில் சூளை வண்டி நின்றிருந்தது. நல்லூரிலிருந்து வந்த புது ஆள், இருபத்தைந்து வயது இருக்கும், அதே இரண்டு செங்கல்லின் மேல் ஏறி நின்று மேல் தட்டில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

மேசையில் அந்தத் தாள் இருந்தது. டீ டம்ளரின் வட்டம் அதில் பதிந்திருந்தது.

"அதுல ஒண்ணுகூட அவுரு சொன்னது இல்லண்ணே" என்றாள் அம்சவல்லி. "எல்லாம் நான் சொன்னது. தூக்கம், தோள்வலி எல்லாம் எனக்கும் இருக்குது. அவுரு பேர அடிச்சிட்டு எம்பேர எழுதிக்குங்கண்ணே."