அந்த இரண்டு வரி

புடவையில் வந்திருக்கிறாள். மைக் பிடிக்கப்போவது தெரிந்து, அதற்கென்றே எடுத்து வைத்திருந்து கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நான்கு நாளும் சுடிதாரில் வந்தவளுக்குக் கடைசி நாள் மட்டும் என்ன புடவை?

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஸ்வர்ணலதா இப்படி நினைத்துக்கொண்டே, முன்னால் நின்ற பிரியங்காவைப் பார்த்துச் சிரித்தாள். இருவரும் திருப்பதியில் சுரேஷ்பாபு சாரிடம் ஆராய்ச்சி செய்பவர்கள். ஸ்வர்ணலதா இரண்டு வருடம் மூத்தவள். பெரிய கணினிகளில் வேலை ஓட்டுவது பற்றிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி என்று முடிவானபோது, பாடம் நடத்த லேபிலிருந்து ஒருவர் வேண்டும் என்றார்கள். சார் யோசிக்கக்கூட இல்லை. "பிரியங்கா" என்றார். ஸ்வர்ணலதாவின் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'பங்கேற்பாளர்' என்று இருந்தது.

கடப்பாவிலிருந்து வந்திருந்த வயதான பேராசிரியர் முதல் நாள் மாதிரியே இன்றும் கையைத் தூக்கினார். "அம்மா, கீபோர்டு பனி சேயடம் லேது." பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்து அவர் தினமும் கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்தார். அவ்வளவு ரகசியம் சார், உங்களுக்கே காட்ட மாட்டேன் என்கிறது, என்று பிரியங்கா தெலுங்கில் சொல்ல, அறையே சிரித்தது. அவர்தான் பெரிதாகச் சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ஸ்வர்ணலதா நினைத்தாள். அதற்குள் அவள் உதடும் சிரித்துவிட்டிருந்தது.

பிரியங்காவுக்குச் சத்தியவேடு பக்கத்து ஊர். அந்த லேபில் தமிழ் பேச இவர்கள் இருவர்தான். சேர்ந்த புதிதில் ஒருநாள், "எங்கம்மா உங்க புத்தூர் பக்கம் மாங்கா அறுக்க வந்துக்கினு இருந்துச்சுக்கா. உங்க தோப்புக்குக்கூட வந்திருக்கும்" என்றாள், பஸ் நேரம் சொல்வதுபோலச் சாதாரணமாக. அன்று ஸ்வர்ணலதாவுக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது. டிபன் பாக்ஸில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள். கணினி அறைக்கு அழைத்துப் போய் எல்லோரிடமும் அறிமுகம் செய்து வைத்தாள். கொடுப்பவள் தானாக இருந்தவரை அந்தப் பிரியம் சுலபமாக இருந்தது. இன்று காலை பஸ் வடமாலபேட்டையைத் தாண்டும்போது ஒரு நினைப்பு வந்தது: மாங்காய் அறுக்க வந்தவளின் மகள். யாரோ கேட்டுவிட்டதுபோல் உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆனால் நினைப்பு போகவில்லை. திருப்பதி வரை பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தது.

ஸ்வர்ணலதாவின் ஆராய்ச்சி, மாம்பழத்தில் கரும்புள்ளி விழவைக்கும் பூஞ்சையின் ஒரு புரதத்தைப் பற்றியது. அது எப்படி அசைகிறது என்பதைப் பெரிய மிஷினில் நாள்கணக்கில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஆய்வேட்டுக்கு இந்த ஒரு ஓட்டம்தான் பாக்கி. பயிற்சியின் இரண்டாம் நாள், அவள் அதை மிஷினின் காத்திருப்பு வரிசையில் போடப் போகும்போது பிரியங்கா வந்து, கேட்காமலேயே அவள் கீபோர்டை இழுத்து இரண்டு வரி சேர்த்தாள். "அப்பப்ப சேவ் பண்ணிக்கினே இருக்கும்கா. நடுவுல நின்னாக்கூட விட்ட எடத்துலேர்ந்து ஓடும்." அவள் டீக்குப் போனதும் ஸ்வர்ணலதா அந்த இரண்டு வரியையும் அழித்துவிட்டு வேலையை அனுப்பினாள். கை தவறி அல்ல. இத்தனை வருடம் இவள் வரி இல்லாமலா ஓடியது?

மூன்று நாளாக அது ஓடிக்கொண்டிருந்தது. நாளை முடிந்துவிடும். திங்கட்கிழமை முடிவை ஆய்வேட்டைப் பரிசீலிக்கும் குழுவின் முன் வைக்க வேண்டும். தவறினால் குழு அடுத்து எப்போது கூடும் என்று சாருக்கே தெரியாது.

மதியம் கணினி அறையில் ஏசி நின்றது. சூடு ஏறியதும் பயிற்சிக்கென்று ஒதுக்கியிருந்த மிஷினை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது ஸ்வர்ணலதாவின் வேலை ஓடிக்கொண்டிருந்த ஒன்றுதான். ஓடுகிற வேலையை அதைப் போட்டவர்தான் நிறுத்தலாம் என்பது அந்த லேபின் வழக்கம். சாரே ஆனாலும் கை வைக்க மாட்டார்.

பிரியங்கா கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி கடைசி வரிசைக்கு வந்தாள். முகம் வேர்த்திருந்தது.

"துன்னியாக்கா?"

"ஆச்சு. சொல்லு."

"உன் ஜாப்ப ஒரு மணி நேரம் நிறுத்துறியா? சாரே உன்ன கேக்க சொன்னாரு. ஏரி மேல மழை எறங்குற கணக்க மிஷின்ல நேர்ல ஓட்டிக் காட்டணும். இன்னிக்கி ஹைதராபாத் ட்ரெய்னிங் சென்டர்லேர்ந்து ரெண்டு பேர் வந்துருக்காங்க, அதப் பாத்துட்டுதான் கெளம்புறாங்களாம். புடிச்சிருந்தா அங்க ட்ரெய்னரா எடுத்துக்குவாங்களாம்." குரலைத் தாழ்த்தினாள். "நைனாகிட்டகூட இன்னும் சொல்லல. காலைலதான் தெரியும்கா. ஹாஸ்டல்ல மனோரமாவோட புடவய உருவிக் கட்டிக்கினு ஓடியாந்தேன். அவுந்துறப் போவுதுன்னு பயமா இருக்குது."

ஸ்வர்ணலதா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உனக்கு இன்னாக்கா, அந்த ரெண்டு வரிதான் இருக்குதே. விட்ட எடத்துலேர்ந்து போவும்."

நிறுத்தினால் மூன்று நாளும் போய்விடும். அதைச் சொல்லலாம். சொன்னால் பிரியங்கா அந்த நிமிடமே விட்டுவிடுவாள். கோபப்பட மாட்டாள். "மறந்துட்டியாக்கா, பரவால்ல" என்று அவளே ஒரு காரணமும் கண்டுபிடித்துத் தருவாள். அந்தப் பரவாயில்லையை இவளிடம் வாங்கிக்கொள்ள முடியாது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அந்த இரண்டு வரி இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? கேள்வி வந்த வேகத்திலேயே பதிலும் வந்துவிட்டது: மாட்டேன்.

வேலையை நிறுத்தும் கட்டளையை அவள் விரல்கள் அடித்தன. பக்கத்தில் பிரியங்கா மூச்சு விடுவது கேட்டது. என்டர் மட்டும் பாக்கி. ஸ்வர்ணலதா பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

"வேணாம் பிரியங்கா. ஓடட்டும்."

காரணம் சொல்வாள் என்று பிரியங்கா சற்று நின்றாள். பிறகு நாற்காலியின் முதுகில் வைத்திருந்த கையை எடுத்தாள். "சரிக்கா."

முன்னால் போய் மைக்கில் ஏதோ சொன்னாள். யாரோ சிரித்தார்கள். வெள்ளைப் பலகையில் பழவேற்காடு ஏரியை ஒரே கோட்டில் வரைந்தாள். அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்து மழையை ஒரு மிஷினும் பக்கத்துக் கட்டத்தை இன்னொன்றும் கணக்கிடுவதை நீல மார்க்கரால் புள்ளி வைத்துக் காட்ட ஆரம்பித்தாள். கடப்பாக்காரர் எழுந்து, நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்வரிசைக்குப் போனார். ஸ்வர்ணலதாவின் திரையில் எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரியின் சூளூர்பேட்டைப் பக்கமாகப் புள்ளிகள் நெருக்கமாக, சாய்வாக விழுந்துகொண்டிருந்தன. நிஜ மழை மாதிரியே இருந்தது.