முன்சக்கரத்துக் காற்று

முதல் குத்து ஷஃபீக்கின் வாயில் விழுந்தது. அவன் கொண்டுவந்த மலர்வளையம் பந்தலடியில் உருண்டு மிதிபட்டது. தனேஷ் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வேலியோடு சேர்த்து மோதினான். வேலி கடைசிக் கம்பிவரை அதிர்ந்தது.

"வெள்ளிக் காச வாங்கிட்டு எமனத்தானடா வித்த! எங்கண்ணன் மூஞ்சியப் பாக்கணுமா ஒனக்கு? மூஞ்சி இல்லடா! பொட்டிய மூடித்தான் வச்சிருக்கோம்!"

உறவுக்காரர்கள் இரண்டு பேர் தனேஷின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவன் முழங்கை பட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான்.

ஈஸ்வரி வாசற்படியில் நின்றாள். பெட்டிக்குள் இருப்பது அவள் கணவன் யுகேந்திரன். அடிப்பவன் அவனுடைய தம்பி. அடிபடுபவன் ஜெலுத்தோங்கில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். போன வாரம்தான் யுகேந்திரனுக்குப் புதுச் சக்கரங்களை மாட்டிக் கொடுத்தான். நேற்றுக் காலை பாலிக் பூலாவுக்கு இறங்கும் மலைவளைவில், அந்த முன்சக்கரத்திலிருந்து டயர் கழன்று தெறித்தது. யுகேந்திரன் முகத்தோடு சாலையோரத் தடுப்பில் போய் மோதினான்.

போலீஸ்காரர்கள் இறக்கிவிட்டுப் போன சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் முன்சக்கரத்தில் வெறும் விளிம்புதான் இருந்தது. ஈஸ்வரி அதனருகில் போய்க் குந்தினாள்.

இந்த விளிம்பைத்தான் போன வாரம் யுகேந்திரன் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மடியில் போட்டு அவளுக்குக் காட்டினான்.

"இங்க பாரு ஈஸு. பழைய சக்கரத்துல ஓரத்துல உள்பக்கமா ஒரு கொக்கி இருக்கும். டயர் அதுல மாட்டிக்கும். எவ்ளோ காத்தடிச்சாலும் விடாது. இதுல கொக்கியே கெடையாது, சுவரு நேரா இருக்கு பாத்தியா? டயரோட ஓரந்தான் இறுக்கிப் பிடிச்சுக்கணும்."

"கொக்கியே இல்லாம நான் ஜாக்கெட் போட்டா சிரிப்பீங்க. ஒங்க சக்கரத்துக்கு மட்டும் சரியா?"

"எடை கம்மிலா. அகல டயர் போட்டு, காத்தக் கொறச்சு வச்சா மெத்துன்னு ஓடும். காத்தழுத்தம் எழுபத்திரெண்டத் தாண்டக்கூடாது, அவ்ளோதான்." டயரை மாட்டி, காற்றடித்து நீட்டினான். "நான் அறுபதுதான் வைக்கிறேன். அமுக்கிப் பாரு."

அன்று அமுக்கியபோது டயர் அவள் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. ஈஸ்வரி இப்போது பின்சக்கரத்தை அமுக்கினாள். அது கல்லாக இருந்தது.

காற்றடிக்கும் பம்பு முதலில் இலேசாகத்தான் இறங்கும். உள்ளே காற்று நெருங்க நெருங்க ஒவ்வொரு இறக்கமும் கனக்கும். அறுபது வைக்கக் கைப்பலம் போதும். நூறு தாண்ட வேண்டுமென்றால் கைப்பிடியின் மேல் உடம்பையே சாய்க்க வேண்டும். நேற்று விடியலில் தனேஷ் அப்படித்தான் சாய்ந்திருந்தான். இரவு வேலை முடிந்து நேராக வந்திருந்தான். அண்ணன் சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்க, வேலை மிச்சமாகட்டும் என்று அவனே பம்பை எடுத்தான். அவனுடைய பழைய சைக்கிளின் ஒல்லி டயருக்கு நூற்றுப்பத்துதான் கணக்கு.

"கல்லு மாதிரி வச்சிருக்கேண்ணே, பறந்துக்கிட்டே போங்க!"

யுகேந்திரன் நேரமாகிவிட்டதென்று அமுக்கிக்கூடப் பார்க்காமல் கிளம்பினான். பம்பைக் கழற்றியதும் அழுத்தம் காட்டும் அதன் முள் பூஜ்யத்துக்குத் திரும்பிவிட்டது. சன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

பின்னால் சத்தம் கூடியது. தனேஷ் ஷஃபீக்கைக் கீழே தள்ளி நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

"கொல்லுங்க, நல்லாக் கொல்லுங்க!" ஷஃபீக் இரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான். "வரும்போதே அமுக்கிப் பாத்தேன். அந்தப் பின்டயர்ல நூத்துப்பத்துக்குக் கொறையாம இருக்கு! எழுபத்திரெண்டுக்கு மேல போனா கழண்டுரும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தான் குடுத்தேன். யாரு காத்தடிச்சது? அதக் கேளுங்க மொதல்ல!"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

யுகேந்திரனின் தாய் தனலெட்சுமி அவிழ்ந்த கூந்தலோடு படியிறங்கி வந்தாள். "யாருடா அடிச்சது? யாருன்னு சொல்லுங்க. இந்தப் பொட்டியப் பக்கத்துல வச்சிக்கிட்டே அவன் கழுத்த நெரிக்கிறேன்."

தனேஷ் சைக்கிளைப் பார்த்தான். பிறகு ஈஸ்வரியைப் பார்த்தான். இவ்வளவு நேரம் அவனுக்குத் தெரியாது என்பதும், இந்த நொடியில் தெரிந்துவிட்டது என்பதும் அவள் கண்ணெதிரே நடந்தன. அவன் வாய் திறந்தது.

"அவருதான் அத்தே," என்றாள் ஈஸ்வரி. "அவரேதான் அடிச்சாரு. பழைய ஞாபகத்துல கூட வச்சிட்டாரு. நான் பாத்தேன்."

"பாத்தியா?" தனலெட்சுமியின் கை அவள் கன்னத்தில் இறங்கியது. "பாத்துட்டுச் சும்மாவாடி நின்ன?" மறுபடி இறங்கியது. கொண்டையைப் பிடித்து இழுத்துத் தலையைச் சுவரில் மோதினாள். "ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வாயில என்னடி வச்சிருந்த, பாவி!"

ஈஸ்வரி கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தனேஷ் ஷஃபீக்கின் நெஞ்சைவிட்டு இறங்கினான். அதற்கு மேல் ஓரடி எடுத்துவைக்க அவனால் முடியவில்லை. பெண்கள்தான் ஓடிவந்து பிரித்தார்கள்.

ஷஃபீக் வேலியைப் பிடித்து எழுந்தான். "யுகேந்திரன் அண்ணே அப்படியெல்லாம்..." என்று தொடங்கியவன், ஈஸ்வரியின் கிழிந்த உதட்டைப் பார்த்தான். தனேஷைப் பார்த்தான். சட்டை நுனியால் வாயைத் துடைத்தான்.

"மறந்திருப்பாரு," என்றான். "புதுச் சக்கரம்லா. மறந்திருப்பாரு."

சங்கு ஊதினார்கள். ஈஸ்வரிக்கும் யுகேந்திரனுக்கும் பிள்ளை இல்லை. காரியம் செய்யத் தம்பிதான். குளித்து ஈர வேட்டியோடு வந்த தனேஷ், பெட்டிக்குத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவளருகே வந்து நின்றான்.

"அண்ணி... காத்து எவ்ளோ வச்சிருக்கணும்?"



"தம்பி, கைய நீட்டுப்பா," என்றார் சடங்கு செய்யும் பண்டாரம், தர்ப்பை மோதிரத்தை வைத்துக்கொண்டு.

தனேஷ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"நேரமாவுது. கைய நீட்டு."

ஈஸ்வரி எழுந்தாள். அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தாள். மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பண்டாரத்தின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.