சீட்டோடு சேர்ந்த சட்டை

கிழிசலைக் கண்டால் தையற்காரருக்குக் கை சும்மா இருக்காது. மகள் கல்யாணம் பேச, புதுச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடு பஸ்ஸில் போன அன்றும் அப்படித்தான். இருவருக்கும் நடுவே சீட்டு வாயைப் பிளந்து கிடந்தது.

ஜன்னலுக்கு மேல், ‘பொதுச் சொத்தைப் பாதுகாப்பது குடிமக்களின் கடமை’ என்று எழுதியிருந்தது.

“நாட்டைக் காக்குறதெல்லாம் நம்ம கைக்கு எட்டாது. இது எட்டும்” என்று பையிலிருந்து ஊசியை எடுத்தார்.

“போற காரியம் என்ன, பாக்குற வேலை என்ன! சம்பந்தி வீட்டுக்குப் போறோம்ங்கிற நெனப்பாவது இருக்கா?” என்றாள் மனைவி.

பஸ் குலுங்கக் குலுங்கத் தைத்தார். முடிச்சுப் போட்டு, நூலை அறுக்க பிளேடை எடுத்த நேரம் பார்த்தா கண்டக்டர் வந்து நிற்க வேண்டும்?

“ஆகா! சீட்டைக் கிழிக்கிற மகராசனைத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தேன். எழுந்திருய்யா! வண்டி நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தால் கல்யாணப் பேச்சு அத்தோடு சரி. தையற்காரர் பதறி எழுந்தார். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் ஆளில்லை. மறுபடி எழுந்தார், மறுபடி தொப்பென்று உட்கார்ந்தார்.

மனைவி குனிந்து பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள்.

“கண்டக்டர் தம்பி, உங்க கள்ளன் எங்கேயும் ஓடமாட்டாரு. சீட்டோட தன்னையும் சேர்த்துத் தச்சுக்கிட்டாரு!”

கண்டக்டரும் குனிந்தார். கிழிசல் இருந்த இடத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் தையல். அதில் மாட்டிக்கொண்ட புதுச் சட்டையின் ஓரம். கிழிக்க வந்தவன் எவனாவது தன்னையே கட்டிப் போட்டுக்கொள்வானா? சிரிப்பு டிரைவர் வரைக்கும் போனது.

அதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது.

“தப்பா நெனச்சுட்டேண்ணே. இருங்க, தையலை அறுத்து விடறேன்” என்று கண்டக்டர் பிளேடை வாங்கினார்.

“ஐயோ, தையல்ல கை வைக்காதீங்க! சட்டையை வெட்டுங்க.”

“புதுசாச்சேண்ணே!”

“இதை நான் ஒருத்தன்தான் போடறேன். அதுல எத்தனை பேரு உட்காரணும்!”

வால் அறுந்த சட்டையோடு தையற்காரர் இறங்கினார்.

“அண்ணே, திரும்பும்போதும் நம்ம பஸ்ஸுக்கே வாங்க. கடைசி சீட்டும் கிழிஞ்சிருக்கு!” என்று கத்தினார் கண்டக்டர்.

“சீட்டுல மாட்டின அந்தத் துண்டையாவது வாங்கியிருந்தா ஒட்டுப் போட்டிருக்கலாம்” என்றாள் மனைவி.

“அதைத் தொடக் கூடாது. அது இப்போ பொதுச் சொத்து.”

“சம்பந்தி கேட்டா என்ன சொல்றது?”

“நடந்ததைச் சொல்லு. கேட்டுட்டுச் சிரிக்கிற குடும்பம்னா, நம்பிப் பொண்ணைக் குடுக்கலாம்.”