கவராயக்காரி

அச்சுப்பொறியிலிருந்து ஈரக் காகிதத்தை உரித்தெடுத்த லைஸ்கன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்னடி?” என்றார் கோமார்.

“பெரியப்பா, கவராயம் இடது கைல இருக்கு.”

ஏழு கலைகளை ஏழு பெண்களாகச் செப்புத் தகட்டில் செதுக்கும் வேலை. சுற்றிலும் பழக்கொத்து, முகமூடி, கொடி. கோமாருக்கு எழுத்துத் தெரியாது. கையில் இருப்பதை வைத்துத்தான் பெயர் சொல்வார்: இசை யாழ்க்காரி, வானியல் உருண்டைக்காரி. கடைசியாக வடிவக்கணிதம், அவருக்குக் கவராயக்காரி. அறிவுக்கெல்லாம் எதற்குப் பொம்பளை முகம், யாரை ஏமாற்ற என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்.

தகட்டில் இடம் வலம் மாற்றிச் செதுக்கினால்தான் காகிதத்தில் நேராக விழும். தொழில் பழகிய நாள் முதல் தம்பி யோஸ் அதில் தவறியதில்லை. இந்தக் கவராயக்காரியைக் காய்ச்சலோடு செதுக்கியிருந்தான்.

மாடியிலிருந்து இருமல். பிறகு குரல். “லைஸ்கன்! எடுத்தாச்சா?”

“காகிதம் கிழிஞ்சிடுச்சுன்னு சொல்லிடவா பெரியப்பா?”

“வேற காகிதம் போடும்பான். உங்கப்பனை எனக்குத் தெரியாதா? குடு இங்க.”

கோமார் மாடியேறினார், பின்னால் லைஸ்கன். பாதிரியார் காலையிலேயே வந்து சாகப்போகிறவர்களுக்கான எண்ணெயைப் பூசிவிட்டுப் போயிருந்தார். யோஸின் மூக்கு கூர்ந்துவிட்டது.

“அண்ணே, திருப்பித்தான் செதுக்கினேனா? அதே நெனப்பா இருக்கு. எந்தக் கைல இருக்கு?”

“சாகப்போற நேரத்துல கேக்குற கேள்வியாடா இது? பாத்துக்க.”

ஆன்ட்வெர்ப் வானம் அன்று கொஞ்சம் வெளுத்திருந்தது. கோமார் ஜன்னலருகே போய், மைப் பக்கத்தை வெளிச்சத்துக்கும் முதுகுப் பக்கத்தைத் தம்பிக்குமாகக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். ஈரத்தின் வழியே அவள் தெரிந்தாள், கவராயம் வலது கையில்.

லைஸ்கன் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“மங்கலா இருக்கே. கிட்ட கொண்டா.”

“மை காயல.”

“காயாத மையத் தொட்டுத்தானே நான் பாப்பேன். கொண்டா அண்ணே.”

கை நீண்டது. கோமார் காகிதத்தைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “தர மாட்டேன். விரல வச்சு இழுவிருவ.”

நீட்டிய கை அப்படியே நின்றது. யோஸ் அண்ணனின் முகத்தையே பார்த்தான்.

“கசக்கிராத,” என்றான். கை போர்வைமேல் இறங்கியது.

மதிய மணி அடிக்குமுன் மூச்சு நின்றது.

லைஸ்கன் தகப்பனின் இமைகளை அழுத்தி மூடினாள். பிறகு திரும்பினாள். “சட்டைய மாத்துங்க பெரியப்பா. ஆளுங்க வருவாங்க.”

கோமார் குனிந்து பார்த்தார். காகிதத்தை அணைத்த இடத்தில், வெள்ளைச் சட்டையில், அந்தப் பெண் தலையும் தோளும் கையுமாக மங்கலாக ஒட்டியிருந்தாள். கவராயம் அவளது வலது கையில்.

ஆணியில் தொங்கிய கறுப்பு அங்கியை எடுத்து, சட்டைக்கு மேலேயே மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டார்.