பகலில் ஆடிய கூத்து

இடது கையில் கட்டுடன் கண்ணகை கிணற்றடிக்கு வந்தாள். பெண்கள் ஒன்றும் கேட்காமல் அவள் வாளியை வாங்கித் தண்ணீர் அள்ளிக் கொடுத்தார்கள். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளே என்ற பயம்தான்.

"உன்ர மனிசன் இந்த முறைக் கூத்திலயும் அரக்க ராசாவாமே கா? அவர்ர குரலக் கேக்கத்தான் நான் உசிரோட இரிக்கன்," என்றாள் அன்னப்பிள்ளை.

கண்ணகையின் கணவன் அழகரத்தினம் வாவியில் மீன் பிடிப்பவன். எப்போதும் சிரித்த முகம். கண்டவர்களுக்கெல்லாம் கேட்காமலே இரண்டு மீன் கொடுப்பான். வீட்டுக்குள் வந்தால் அதே கை துடுப்பை ஓங்கும். அந்த வீடு கண்ணகைக்குத் தாய் கொடுத்த சீதனம். அவனை அங்கிருந்து வெளியேற்றச் சொல்லி, கோயிலையும் ஊர் வழக்குகளையும் பார்க்கிற வண்ணக்கர் கனகசூரியத்திடம் அவள் போயிருந்தாள்.

"கூத்து முடியட்டும் புள்ள, மறுகா பாப்பம்," என்று அனுப்பிவிட்டார்.

அது சண்டைக் காலம்; இருட்டினால் ஊரடங்கு. அதனால் விடிய விடிய ஆடும் கூத்தைப் பகலில் வைத்தார்கள். தெரியவில்லை என்று யாரும் சொல்லித் தப்ப முடியாத வெளிச்சம். ராணி வேடம் கட்டியவன் மேசன் வேலை செய்யும் சிவபாதம். அரக்க ராசா ராணியை உதைப்பதுபோலக் காட்ட வேண்டும். அழகரத்தினத்துக்குத் தாளம் பிசகியது. பிசகிய ஆத்திரத்தில் நிசமாகவே உதைத்தான். சிவபாதம் அலறிச் சுருண்டான். சனம் விசிலடித்தது.

"ராணிக்கு நடிப்புக் கூடிப் போச்சு!" என்று அழகரத்தினம் பகிடி விட, களரியே குலுங்கிச் சிரித்தது. கண்ணகையின் கட்டைப் பார்த்தும் அழகரத்தினத்தின் பகிடிக்குச் சிரித்தவன்தான் சிவபாதம். அன்று அதை நினைத்து அழுதான்.

மறுநாள் விலாவைப் பிடித்தபடி கண்ணகையுடன் வண்ணக்கரிடம் போனான்.

"ஐயா, மெய்யாத்தான் உதைஞ்சவர். அக்கா சொல்லுறதெல்லாம் உண்மை."

"எங்களுக்குத் தெரியாதா தம்பி?" வண்ணக்கர் தலையைக் குனிந்துகொண்டார். "போன கிழமை சுற்றிவளைப்பில ஆமிக்காரனுகள் ரெண்டு பொடியனுகளப் புடிச்சிக் கொண்டு போனானுகள். அவனுகள்ர தாயும் நேத்துச் சிரிச்சவ. அந்தச் சிரிப்ப நான் எப்பிடிப் புடுங்குற? அழகரத்தினம் நல்லவனாவே இரிக்கட்டும். நீ கொஞ்சம் பொறுத்துப் போ புள்ள."

கண்ணகை கட்டுப் போட்ட கையை அவர் முன் நீட்டினாள்.

"எங்களச் சிரிக்க வைக்கிறவன் கெட்டவனா இரிக்க மாட்டான் எண்டு நம்புறது உங்களுக்குச் சுகம், ஐயா. அந்தச் சுகத்துக்குத்தான் நான் அடி வாங்குறன். அவன் மட்டும் அடிக்கல்ல. கை தட்டின எல்லாரும் சேந்துதான் அடிக்கிறீங்க."

பின்னேரம் அவள் தன் சொந்த வீட்டை அவனுக்கே விட்டுவிட்டு, ஒரு துணி மூட்டையுடன் கரடியனாறு போகும் பஸ்ஸில் ஏறினாள். சிவபாதம் மட்டும் வந்து வழியனுப்பினான்.

அடுத்த நாள் கிணற்றடியில் அன்னப்பிள்ளை கண்ணைத் துடைத்தாள்.

"பாவம், தங்கமான மனிசன். இனி ஆர் அவருக்குச் சோறாக்கிக் குடுக்கிற?"